பேர் இல்லாத காசு வேண்டாம்: இலங்கை மலையகத் தோட்டத்தில் தேர்தல் நிதி சேர்ப்பது பற்றி ஐந்து ஊர் நண்பர்கள் எழுதிக்கொண்டது

11 ஜூன் 2025, கொட்டகலை

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல் முடிந்துவிட்டது. இனி மாகாண சபைத் தேர்தல் வரும் என்கிறார்கள். மத்திய மாகாணத்தில் 2013க்குப் பிறகு அந்தத் தேர்தலே நடக்கவில்லை. எது எப்போது வந்தாலும் பழைய கதைதான். பெரிய தொழிற்சங்கம் காசு போட்டால் சங்கம் சொல்கிறவர் நிற்பார். டவுன் முதலாளி போட்டால் முதலாளி சொல்கிறவர் நிற்பார். காணி, வீடு, சம்பளம், பெண்களின் பாதுகாப்பு பற்றி வாய் திறக்கிற பிள்ளைகள் லயத்துக்கு லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) இருக்கிறார்கள். ஆனால் தேர்தலில் நிற்கக் கட்டும் கட்டுப்பணத்துக்கே வழியில்லை.

என் யோசனை இது. திருவிழாவுக்கு வசூல் பண்ணுகிற மாதிரி ஒவ்வொரு லயத்துக்கும் ஓர் உண்டியல் வைப்போம். சம்பளத்தன்று 20 ரூபா, 50 ரூபா விழுந்தால் போதும். இதில் என்ன தப்பு?

11 ஜூன், இரவு, நோர்வூட்

உண்டியல்தான் தப்பு. மற்றதெல்லாம் சரி.

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க தேர்தல் செலவினச் சட்டம் வந்த பிறகு, அடையாளம் தெரியாத ஆளின் காசை வேட்பாளர் வாங்கக் கூடாது. உண்டியலில் விழுவது முழுக்க அடையாளம் தெரியாத காசு. யார் போட்டது என்று கேட்டால் “லயத்து ஆட்கள்” என்பது பதில் ஆகாது. அரச திணைக்களம், அரச கூட்டுத்தாபனம், வெளிநாட்டு அரசு, சர்வதேச அமைப்பு, வெளிநாட்டில் பதிவான கம்பனி, இவற்றின் காசும் ஆகாது. முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வரவையும் செலவையும் வேட்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும். தோற்றுவிட்டோமே என்று சும்மா இருப்பதும் குற்றம்தான்.

சட்டத்தை விடுங்கள், உண்டியலுக்கு வேறொரு குறையும் இருக்கிறது. காசு தரும், ஆளைத் தராது. பேரெழுதி வாங்கிய 50 ரூபா ஒரு வீட்டின் கதவைத் திறந்து வைக்கும். ஆறு மாதம் தொடர்ந்து கொடுத்த வீட்டுக்கு வாக்குக் கேட்டுப் போகத் தேவையில்லை. அந்த வீடே பக்கத்து வீட்டில் கேட்கும். மலையகத்தில் ஒரு நாள் வேலையையே “பேர்” என்கிறோம். முழுப் பேர், அரைப் பேர் என்கிறோம். காசுக்கும் பேர் இருக்கட்டும்.

12 ஜூன், நோர்வூட்

கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்குப் பிரதேச சபையின் ஒரு வட்டாரத்தில் 600 குடும்பம் என்று வையுங்கள். எல்லாரும் தரமாட்டார்கள். பாதி, 300. குடும்பத்துக்கு மாதம் 50 ரூபா. மாதம் 15,000. ஆறு மாதத்தில் 90,000.

இந்த 2025ல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. அதில் சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், அட்வான்ஸ் எல்லாம் வெட்டித்தான் கைக்கு வரும். மழை பிடித்து, கொழுந்து குறைந்து, 14, 15 பேர்தான் விழுந்த மாதத்தில் 50 ரூபாவும் கனமாகத்தான் இருக்கும். ஆகவே “ஆளுக்கு ஒரு அரைப் பேர் காசு” என்று தொடங்குகிறவர்களை நம்பாதீர்கள். முதல் மாதம் தருவார்கள், இரண்டாம் மாதம் கதவைச் சாத்துவார்கள். ஆளுக்கு என்று கேட்காமல் வீட்டுக்கு என்று கேளுங்கள். தொகையை வீடே சொல்லட்டும். கீழெல்லை 20.

அந்த 90,000ல் கட்டுப்பணம், துண்டுப்பிரசுரம், ஆட்டோ, கூட்டத்துக்கு ஒலிபெருக்கி, வாக்குச்சாவடி முகவர்களின் போக்குவரத்து. ஒரு வட்டாரத்துக்குப் போதும்.

12 ஜூன், ஹட்டன்

நோர்வூட் நண்பர் ஒன்றை விட்டுவிட்டார். சுயேச்சைக் குழு ஒரு வட்டாரத்தில் மட்டும் நிற்க முடியாது. பிரதேச சபை முழுவதற்கும் பட்டியல் கொடுக்க வேண்டும். அதாவது எல்லா வட்டாரத்துக்கும் ஆள் வேண்டும், வாக்கு வீதப்படி உறுப்பினர் எடுக்கும் மேலதிகப் பட்டியலுக்கும் ஆள் வேண்டும். சுயேச்சைக்கு ஒரு பேருக்கு 5000 ரூபா, அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 1500. பட்டியலில் 20 பேர் என்றால் சுயேச்சைக்கு ஒரு இலட்சம், கட்சிக்கு 30,000. உங்கள் 90,000 கட்டுப்பணத்துக்கே காணாது.

12 ஜூன், நோர்வூட்

சரியான திருத்தம். என் கணக்கில் கட்டுப்பணத்தை ஒரு வட்டாரத்துக்கு மட்டும் நினைத்துப் போட்டுவிட்டேன். ஆகவே வழி இரண்டு. ஒன்று, சபை முழுக்க எல்லா வட்டாரத்திலும் இதே மாதிரி குழு அமைத்து, கட்டுப்பணத்தை மட்டும் பொதுவில் போட்டு, பிரசாரச் செலவை அந்தந்த வட்டாரம் பார்ப்பது. பத்து வட்டாரம் பகிர்ந்தால் ஒரு இலட்சமும் வட்டாரத்துக்குப் பத்தாயிரம்தான். மற்றது, கொள்கை ஒத்துவரும் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் பட்டியலில் நம் ஆளுக்கு இடம் கேட்பது. அப்போது காசு சேர்த்து வைத்திருக்கும் குழு வெறுங்கையோடு கேட்கும் குழுவை விட நிமிர்ந்து பேசலாம். 300 வீட்டின் பேர்ப்பட்டியல் கையில் இருந்தால் இன்னும் நிமிர்ந்து பேசலாம்.

நாடாளுமன்றத் தேர்தலுக்குக் கணக்கு வேறு. கட்சிக்குக் கட்டுப்பணம் இல்லை, சுயேச்சைக்கு ஆளுக்கு 2000. நுவரெலியாவில் 8 ஆசனம், பட்டியலில் 11 பேர், 22,000. கட்டுப்பணம் குறைவு என்று மயங்க வேண்டாம். பட்டியலில் ஆளைத் தெரிவு செய்யும் விருப்பு வாக்குக்கு மாவட்டம் முழுக்க ஓட வேண்டும். அது 50 ரூபாக் குழுவின் வேலை அல்ல. முதலில் சபை.

14 ஜூன், பதுளை

எங்கள் பக்கத்தில் பலர் கேட்பது: “ஏற்கெனவே சந்தா வெட்டுகிறார்கள், இனி இது வேறா?”

14 ஜூன், நோர்வூட்

நியாயமான கேள்வி. சந்தா சம்பளத்தில் தானாக வெட்டுப்படுகிறது. அதனால் கொடுத்ததே தெரிவதில்லை, கேட்கிற உரிமையும் மங்கிப் போகிறது. இது கையால் எடுத்துக் கொடுக்கிற காசு. பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் கை நீளாது. எந்தச் சங்கத்தில் இருந்தாலும் தரலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சங்கத்தை விட்டு வா என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்ன அன்றைக்கே தோட்டத்துத் தலைவர்மார் எதிரியாகிவிடுவார்கள், அவசியமில்லாத சண்டை.

17 ஜூன், நோர்வூட்

வசூல் எங்கே, எப்போது.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் வேண்டாம். கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் வேண்டாம். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் கொடுக்கிறவருக்கும் சங்கடம், கொடுக்காதவருக்கும் சங்கடம். அது தோட்டத்து நிருவாகத்தின் இடம் என்பதால் தொரை நிறுத்தச் சொல்லவும் முடியும். கோவில் வளவும் வேண்டாம். சாமி காசும் தேர்தல் காசும் ஒரே தட்டில் விழுந்தால் இரண்டுக்கும் கெட்ட பேர்.

வீட்டு வாசல்தான் இடம். சம்பளம் பத்தாம் திகதி என்றால் 11, 12ஆம் திகதிகளில் மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை. சம்பளத்தன்றே போகக் கூடாது. அன்று கடைக்காரர், சீட்டுக்காரர், நகைக் கடன், எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். நாமும் அந்த வரிசையில் ஒரு கடன்காரராகத் தெரிவோம். பதினைந்துக்குப் பிறகு போனால் காசு இருக்காது.

இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டும். ஒருவர் கட்டாயம் பெண். சில லயங்களில் மனைவியின் சம்பளத்தைக் கணவர் வாங்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அவளிடம் அவள் பேரில் வாங்குங்கள், வீட்டுக்காரர் பேரில் எழுதாதீர்கள். வேட்பாளர் காசு வாங்கப் போகவே கூடாது. அவர் கையில் காசுத்தாளைப் பார்த்த கண் பிறகு வேறெதையும் பார்க்காது.

18 ஜூன், மஸ்கெலியா

பற்றுச்சீட்டு? கார்பன் வைத்த புத்தகம் ஹட்டனில் அச்சடிக்கலாமே.

18 ஜூன், நோர்வூட்

ஆம். வரிசை இலக்கம் போட்ட 50 தாள் புத்தகம். எந்தப் புத்தகம் யார் கையில் என்று பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். கெடுத்த தாளைக் கிழித்து எறியாமல் குறுக்கே கோடு போட்டு உள்ளேயே வைக்க வேண்டும்.

19 ஜூன், நோர்வூட்

நேற்று எழுதியதை மாற்றுகிறேன். 300 வீடு, ஆறு மாதம் என்றால் 1800 பற்றுச்சீட்டு, 36 புத்தகம். 20 ரூபாவுக்கும் 50 ரூபாவுக்கும் அச்சடித்துக் கொடுத்தால் அச்சகம்தான் வாழும்.

அதற்குப் பதில் வீட்டு அட்டை. தடித்த ஏ4 அட்டைத்தாளை எட்டாக வெட்டினால் உள்ளங்கை அளவில் எட்டு அட்டை. 300 வீட்டுக்கு 38 தாள். அட்டையில் வரிசை இலக்கம், கொடுப்பவர் பேர், லயம், வீட்டு இலக்கம், கீழே ஆறு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் திகதி, தொகை, வாங்கியவர் கையெழுத்து. அதே விபரம் குழுவின் பதிவேட்டில் ஒரு வரி, அங்கே கொடுத்தவர் கையெழுத்து அல்லது பெருவிரல் அடையாளம். அடையாள அட்டை இலக்கம் பதிவேட்டில் மட்டும். வீட்டு அட்டையில் எழுத வேண்டாம், பிள்ளைகள் எடுத்து விளையாடும்.

பற்றுச்சீட்டுப் புத்தகம் இரண்டே போதும். 500 ரூபாவும் அதற்கு மேலும் ஒரே தடவையில் தருகிறவர்களுக்கு: ஆசிரியர்கள், கடைக்காரர்கள், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள்.

ஜெல் பேனா ஆகாது. மஸ்கெலியா, நோர்வூட் மழையில், மூடுபனியில் மை பரவி இலக்கம் தெரியாமல் போகும். சாதாரண குமிழ்முனைப் பேனா. பதிவேட்டை உரப்பையில் சுற்றாமல் நல்ல பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்.

19 ஜூன், கொட்டகலை

கொழும்புப் பிள்ளைகள் ஈஸி கேஷிலும் (கைத்தொலைபேசியில் காசு அனுப்பும் முறை) பேங்க் செயலியிலும் அனுப்பலாமா? மத்திய கிழக்கில் வேலை செய்கிறவர்கள்?

20 ஜூன், நோர்வூட்

கொழும்பிலிருந்து தாராளமாக. ஆனால் அனுப்பும்போது குறிப்பில் பேர் இல்லாவிட்டால் பேங்க் கணக்கில் விழும் பதிவைப் பார்த்து யார் என்று கண்டுபிடிக்க முடியாது. அனுப்பியவுடன் திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் பொருளாளருக்குப் போட வேண்டும், அடையாள அட்டை இலக்கத்தோடு. ஏழு நாளில் யார் என்று தெரியாத காசை அனுப்பிய கணக்குக்கே திருப்பிவிடுங்கள். வேட்பாளரின் சொந்தக் கைத்தொலைபேசிக் கணக்குக்கு வாங்கவே கூடாது. அவருடைய ரீலோட், வீட்டுச் செலவு, நிதி எல்லாம் ஒரே குழம்பாகும்.

வெளிநாட்டில் இருக்கும் அமைப்பு, சங்கம், கம்பனி தருவதாகச் சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். நம் பிள்ளைகள் தனி ஆளாக அனுப்ப விரும்பினால், முதலில் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் வந்த பதிலைக் கோப்பில் வைத்த பிறகு வாங்குங்கள். அங்கிருந்து வரும் காசை இங்கே அம்மா பேரில் எழுதுவது மட்டும் வேண்டாம். அது பொய்க்கணக்கு, மாட்டுவது அம்மா.

20 ஜூன், ஹட்டன்

பேங்க் கணக்கு: பதிவு செய்யாத குழுவின் பேரில் கணக்குத் திறக்கப் போனால் யாப்பு (குழுவின் விதிகள்), கூட்டக் குறிப்பு, பதிவுச் சான்று என்று கேட்பார்கள். அதற்குள் தேர்தல் வந்துவிடும். மூன்று பேர் பேரில் கூட்டுக் கணக்கு, இருவர் கையெழுத்தில் மட்டும் எடுக்கலாம் என்ற நிபந்தனையோடு திறப்பது சுலபம். மூவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது, ஒரே லயமாகவும் இருக்கக் கூடாது. ஏ.டி.எம். அட்டை வாங்காதீர்கள்.

வசூலித்த இரவே இரண்டு பேர் எண்ணி, பதிவேட்டின் பக்கத்தைத் தொலைபேசியில் படம் பிடித்து, மூவருக்கும் அனுப்ப வேண்டும். டவுனுக்கு இறங்கி இரண்டு நாளில் வைப்பிட வேண்டும். பெரும்பாலான குழுக்கள் உடைவது களவால் அல்ல, கைமாற்றால். பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, நாளைக்கு வைத்துவிடலாம் என்று 2000 எடுப்பார்கள். எடுத்தவர் நல்லவர்தான். அடுத்த மாதம் அவர் வசூலுக்கு வரமாட்டார், வெட்கத்தில். ஒரு கைமாற்றில் காசும் போகும், ஆளும் போகும். வீட்டில் காசு தங்கவிடாததுதான் மருந்து.

23 ஜூன், பதுளை

சீட்டு மாதிரிச் செய்தால் என்ன? 20 பேர் ஆளுக்கு மாதம் 1000. முதல் சீட்டு 20,000 வேட்பாளருக்கு.

23 ஜூன், ஹட்டன்

அது நன்கொடை அல்ல, கடன். மற்ற 19 மாதமும் அவர் கட்ட வேண்டும். தோற்றால் கடனோடு தோற்பார், வென்றால் கடனோடு சபைக்குப் போவார். கடனோடு போகிறவரை யாரும் விலைக்கு வாங்கலாம்.

அதிர்ஷ்டச் சீட்டிழுப்பும் அப்படித்தான், அனுமதி இல்லாமல் நடத்துவது சட்டவிரோதம். பரிசு ஒரு ரைஸ் குக்கர்தானே என்று நினைக்காதீர்கள்.

25 ஜூன், மஸ்கெலியா

மாதர் சங்கத்தினர் சோற்றுப் பார்சல் விற்கலாம் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை டவுனில் நன்றாக ஓடும்.

25 ஜூன், நோர்வூட்

நல்ல வழி, ஆனால் தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே. அறிவித்த பிறகு சாப்பாடு என்றாலே வாக்காளருக்கு உபசரிப்பு என்ற குற்றச்சாட்டு வரும். ஒரு பார்சலைக்கூட இலவசமாகக் கொடுக்காதீர்கள், பொலிஸ்காரருக்கும்.

100 பார்சலுக்கு அளவு: நாட்டரிசி 15 கிலோ, பருப்பு 3 கிலோ, உருளைக்கிழங்கு 8 கிலோ, கோவா (முட்டைக்கோஸ்) 6 கிலோ, கருவாடு இரண்டரை கிலோ, தேங்காய் 20, வெங்காயம் 3 கிலோ, எண்ணெய் 2 லீற்றர், லஞ்ச் ஷீட் 110, கிழிவதற்காகப் பத்து கூட. காலை மூன்றரைக்கு அடுப்பு மூட்டினால் பத்தரைக்குக் கட்டி முடியும். சோற்றைச் சூட்டோடு கட்டினால் வியர்த்து, பகல் ஒரு மணிக்குப் பருப்பு புளிக்கும். பாயில் பரப்பி ஆவி போகவிட்டுக் கட்டுங்கள். முன்பதிவு எண்பது வந்த பிறகுதான் நூறுக்குச் சாமான் வாங்க வேண்டும். மிஞ்சிய பார்சல்தான் இலாபத்தைத் தின்பது.

வாங்கியவர் பேரும் எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். முன்பதிவுத் தாளில் பேர் இருக்கும், அதையே வைத்துக்கொள்ளுங்கள். வழிப்போக்கருக்கு விற்ற பார்சலின் காசைத் தனியாக எண்ணி மாதர் சங்கத்தின் சொந்தச் செலவுக்கு விடுங்கள், தேர்தல் கணக்கில் சேர்க்காதீர்கள்.

26 ஜூன், பதுளை

மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டி? அணிக்கு நுழைவுக் கட்டணம் வாங்கலாம்.

26 ஜூன், நோர்வூட்

செய்யலாம். பரிசுக் கிண்ணம், பந்து, நடுவர் போக மிஞ்சுவது கொஞ்சம். அடிதடி வந்தால் வேட்பாளரின் பேர் கெடும். நான் செய்யமாட்டேன்.

2 ஜூலை, நோர்வூட்

பொருளாகக் கிடைப்பதையும் எழுத வேண்டும் என்பதைச் சொல்ல மறந்தேன். ஆட்டோக்காரர் இலவசமாக ஓடினால் அதுவும் நன்கொடை. அச்சகத்துக்காரர் பாதி விலைக்கு அடித்துக் கொடுத்தால் மீதிப் பாதியும் நன்கொடை. இரண்டு பக்கமும் எழுத வேண்டும்: வரவில் அவர் பேர், செலவில் அதே தொகை. சந்தை விலை என்ன என்பதற்கு மூன்று இடத்தில் விலை கேட்டு எழுதி வைத்தால் பிறகு தகராறு வராது.

செலவுக்கு உச்சவரம்பு உண்டு. வாக்காளர் ஒருவருக்கு இத்தனை ரூபா என்று வர்த்தமானியில் வரும். 2024 சனாதிபதித் தேர்தலுக்கு 109 ரூபா. 2025 உள்ளூராட்சிக்குச் சபைக்குச் சபை மாறி 74 முதல் 160 வரை. 50 ரூபாக் குழு இந்த வரம்பைத் தொடாது. ஆனால் வரம்புக்குள் நின்றோம் என்று காட்டவும் கணக்கு வேண்டும்.

3 ஜூலை, ஹட்டன்

திகதிகளையும் பாருங்கள். இந்த 2025ல் பெரும்பாலான சபைகளுக்குக் கட்டுப்பணம் மார்ச் 3 முதல் 19 நண்பகல் வரை, வேட்புமனு 17 முதல் 20 நண்பகல் வரை. இடையில் ஒரே ஒரு சம்பள நாள். அறிவித்த பிறகு சேர்க்கலாம் என்று இருந்தவர்களுக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு. அடுத்த சம்பளம் சித்திரைப் புத்தாண்டுக்கு முன், அதை யாரும் கேட்கவே கூடாது, பிள்ளைகளுக்குத் துணி எடுக்கிற காசு. ஆகவே தேர்தல் இல்லாத மாதங்களில்தான் சேர்க்க வேண்டும்.

கட்டுப்பணத்தோடு இன்னொரு சிறிய செலவைத் தனியே ஒதுக்குங்கள்: பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள். மார்ச்சில் பல வேட்புமனுக்கள் இந்தச் சான்றிதழ்க் குறையால் நிராகரிக்கப்பட்டு நீதிமன்றம் வரை போயின. தோட்டத்துச் சான்றிதழ்களில் பேரின் எழுத்து ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. திருத்த மாதக்கணக்காகும். நிறுத்த நினைக்கும் ஒவ்வொருவருக்கும் இப்போதே உறுதிப்படுத்திய பிரதி எடுத்து வையுங்கள். இளைஞர்களுக்கு முதலில்.

5 ஜூலை, கொட்டகலை

2023ல் பல குழுக்கள் ஜனவரியில் கட்டுப்பணம் கட்டின. மார்ச் 9 தேர்தல் நடக்கவே இல்லை. பிறகு அந்த வேட்புமனுக்களும் இரத்தாகின. காசு கொடுத்தவர்களுக்கு என்ன சொல்வது?

5 ஜூலை, நோர்வூட்

இதற்குத்தான் முதல் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் எழுத வேண்டும். மூன்று வரி போதும். தேர்தல் நடக்காவிட்டால் காசு என்னாகும்? கட்டுப்பணம் திரும்பி வந்தால் யார் கையில் சேரும்? மிஞ்சினால் எதற்கு? “அடுத்த தேர்தல் வரை கணக்கில் இருக்கும், விரும்புகிறவர் அட்டையைக் காட்டித் தன் பங்கைத் திரும்பப் பெறலாம்” என்று எழுதுவது நல்லது. திரும்பக் கேட்கிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். கேட்கலாம் என்ற வரி இருப்பதுதான் முக்கியம்.

9 ஜூலை, மஸ்கெலியா

பெண் வேட்பாளருக்கு வேறு செலவு உண்டா?

9 ஜூலை, நோர்வூட்

உண்டு, அதைப் பட்டியலில் எழுதாமல் விடுவதுதான் நடக்கிறது. இருட்டிய பிறகு கூட்டம் முடிந்தால் தேயிலை மலையூடே நடந்து வர முடியாது, ஆட்டோ வேண்டும். கொழுந்து பறிக்கிறவர் என்றால் பிரசார நாட்களில் விழாத பேர்களுக்கு வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? அந்தக் காசைக் கொடுக்கலாமா என்று வெட்கப்படாமல் குழுவில் பேசுங்கள், கொடுத்தால் வெளிப்படையாக எழுதுங்கள். பிள்ளையைப் பார்க்க ஒரு ஆளும் வேண்டும்.

சட்டத்தின்படி வட்டாரப் பட்டியலில் குறைந்தது 10 வீதமும் மேலதிகப் பட்டியலில் 50 வீதமும் பெண்கள் இருக்க வேண்டும். அதனால் பெண்களை மேலதிகப் பட்டியலில் போட்டுவிட்டு, பிரசாரக் காசு முழுவதையும் வட்டாரத்து ஆணுக்குக் கொடுக்கிறார்கள். 2024 நவம்பரில் நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகா சாமுவேலும் நாடாளுமன்றம் போனார்கள், மலையகப் பெண்கள் அங்கே போனது அதுவே முதல் தடவை. சபை மட்டத்திலும் வட்டாரத்திலேயே பெண்ணை நிறுத்துங்கள், காசு அவள் பின்னால் போகட்டும்.

13 ஜூலை, பதுளை

ஒரு பெரியவர் கேட்டார்: பிரதேச சபைக்கு ஆள் அனுப்பி என்ன கிடைக்கும், அவர்கள் தோட்டத்துக்குள்ளே ஒன்றும் செய்ய முடியாதே?

13 ஜூலை, நோர்வூட்

அவர் சொல்வது ஒரு காலத்தில் உண்மை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. 2018ல் திருத்தினார்கள். இப்போது லயத்துக்குப் போகும் பாதை, தண்ணீர், விளக்கு, குப்பை எல்லாம் சபையில் கேட்கலாம். அம்பகமுவ, நுவரெலியா சபைகளைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதுச் சபைகளும் வந்தன. வசூலுக்குப் போகும்போது இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். “எங்களுக்கு உதவுங்கள்” என்பதை விட “இந்தப் பாதையைச் சபையில் கேட்க ஆள் வேண்டும்” என்பதற்குக் காசு வரும்.

பெரியவர்களிடம் இன்னொன்றும் பேசலாம். 1936ல் தோட்டத் தொழிலாளர் தலைவர் நடேசய்யர் ஹட்டனிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார், அவர் மனைவி மீனாட்சியம்மாள் மேடை மேடையாகப் பாடி ஆட்களைத் திரட்டினார். 1947ல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றது. 1948, 49 சட்டங்களில் குடியுரிமை போய், தேருநர் இடாப்பிலிருந்து (வாக்காளர் பட்டியல்) நம் பேரே வெட்டுப்பட்டது. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது 2003ல். இடாப்பில் பேர் இருப்பதே இத்தனை வருஷப் போராட்டம் என்று தெரிந்தவர்கள், அட்டையில் பேர் எழுதத் தயங்கமாட்டார்கள்.

15 ஜூலை, ஹட்டன்

தயங்குவார்கள். தயங்குவதற்குக் காரணமும் இருக்கிறது. வேட்பாளர் கொடுக்கும் வரவு செலவு அறிக்கையைப் பொதுமக்கள் பார்க்கலாம். யார் 50 ரூபா கொடுத்தார் என்பது சங்கத்துத் தலைவருக்கும் தெரியவரும், தோட்டத்து அலுவலகத்துக்கும் தெரியவரும். வேலை கொடுக்கும்போது, லயத்துக்குத் தகரம் கொடுக்கும்போது அந்தப் பேர் நினைவில் வராதா?

16 ஜூலை, நோர்வூட்

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். 13ஆம் திகதி எழுதிய கடைசி வரி அவசரமாக எழுதியது. பயப்படுகிறவரைப் பார்த்து வரலாறு பேசுவது சரியில்லை.

செய்யக்கூடியது இது. காசு வாங்குவதற்கு முன் அதை வாய் திறந்து சொல்ல வேண்டும்: “உங்கள் பேர் தேர்தல் அறிக்கையில் வரும், யாரும் பார்க்கலாம்.” கேட்டுவிட்டுத் தராதவரை மறுபடி கேட்கக் கூடாது. அவருக்கு வேறு வேலை இருக்கிறது. துண்டுப்பிரசுரம் மடிக்கலாம், கூட்டத்துக்கு வரலாம், ஒன்றும் செய்யாமல் வாக்கு மட்டும் போடலாம். தேர்தல் முடியும்வரை பதிவேட்டைப் பொருளாளர் தவிர யாரும் வைத்திருக்கக் கூடாது. படம் பிடித்து அனுப்புவது மூவருக்குள் மட்டும், வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. எண்ணிக்கையும் ஒரு பாதுகாப்பு. ஒரு லயத்தில் இரண்டு வீடு மட்டும் கொடுத்தால் அந்த இரண்டும் தனித்துத் தெரியும். ஆறு வீடாவது சேராத லயத்தில் அந்த மாதம் வசூலைத் தொடங்காமல் பொறுப்பது நல்லது.

முன்பு 300 வீடு என்று போட்ட கணக்கை இதனால் 200 ஆக்குங்கள். மாதம் 10,000. ஆறு மாதத்துக்குப் பதில் ஒன்பது மாதம் என்றால் அதே 90,000.

16 ஜூலை, ஹட்டன்

இது ஒத்துக்கொள்ளக்கூடியது. அறிக்கை எழுதும்போது “குழு கொடுத்தது 90,000” என்று ஒரே வரியில் முடிக்காமல் முழுப் பட்டியலையும் இணையுங்கள். 21 நாள் என்பது குறைவு, வாக்கெண்ணி முடிந்த களைப்பில் இரண்டு வாரம் போய்விடும். பட்டியலை ஒவ்வொரு மாதமும் தட்டெழுதி வைத்திருந்தால் கடைசியில் கூட்டல் மட்டும்தான்.

20 ஜூலை, கொட்டகலை

உண்டியல் யோசனையை விட்டுவிட்டோம். ஏழு லயத்தில் பேசியிருக்கிறோம், நான்கு லயத்தில் ஆறு வீட்டுக்கு மேல். ஒன்பது மாதம் என்றால் அட்டையில் ஆறு கட்டம் போதாதே?

20 ஜூலை, நோர்வூட்

பின்பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள். 200 வீட்டுக்கு 25 தாள், கெட்டுப்போவதற்கு இரண்டு தாள் கூட. மேல் மூலையில் ஒரு துளை குத்திக் கொடுங்கள், காலண்டர் ஆணியில் தொங்கட்டும். வெளியே தெரிய விரும்பாத வீட்டுக்காரர் அதைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வார்.